ஸ்ட்ரைக் மட்டும் போதுமா? பவுலிங் லீகில் ஸ்கோர் ஏற்ற கூடலூர்க்காரர்களுக்கு ஒரு கணக்கு!

கூடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று 'பவுலிங்' என்று சொல்லிப் பாருங்கள். "ஸ்பீடா, ஸ்பின்னா?" என்றுதான் கேட்பார்கள். நாம் பேசப்போவது அந்த பவுலிங் இல்லை. வழவழப்பான லேனில் கனமான பந்தை உருட்டி, கோடியில் நிற்கும் பத்து பின்களைச் சாய்க்கும் டென்பின் பவுலிங். வேலைக்காக பெங்களூரு, கோவை என்று இறங்கிப் போன நம் பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. முதலில் பிறந்தநாள் பார்ட்டிக்கு ஆடுவார்கள். பிறகு ஆபீஸ் டீம் சேர்ந்து லீக்கில் இறங்குவார்கள். அப்போதுதான் வரும் அந்தக் கவலை: "எவ்வளவு ஆடினாலும் 110, 120-ஐத் தாண்ட மாட்டேங்குதே!"

ஊரிலேயே இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். மைசூரு நூறு கிலோமீட்டருக்கு மேல். சாயங்காலம் போய் ஆடிவிட்டு ராத்திரி திரும்பலாம் என்றால், பந்திப்பூர் காட்டு ரோடு இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். கோவைக்குப் போவதென்றால் ஊட்டி ஏறி இறங்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை லேனைப் பார்த்தாலே பெரிய விஷயம். அங்கேயும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காசு. ஆக, ஆடுவது நாலு ஆட்டம் என்றாலும் அதில் எதைப் பழகுவது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

எதைப் பழகுவது? ஸ்பேர்!

புதிதாக ஆடுபவர்களுக்கு ஸ்ட்ரைக் மேல்தான் கண். முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் கைதட்டல், திரையில் வாணவேடிக்கை. ஸ்பேருக்கு யாரும் அவ்வளவாகக் கைதட்டுவதில்லை. ஆனால் ஸ்கோர் போடும் முறையைக் கொஞ்சம் பாருங்கள். ஓர் ஆட்டத்துக்குப் பத்து ஃபிரேம். ஸ்ட்ரைக் அடித்தால் 10-உடன் அடுத்த இரண்டு பந்துகளில் விழும் பின்களும் சேரும். இரண்டாவது பந்தில் மிச்சத்தைச் சாய்த்து ஸ்பேர் ஆக்கினால் 10-உடன் அடுத்த ஒரு பந்து சேரும்.

இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் அங்கொன்றும் இங்கொன்றுமாக மூன்று ஸ்ட்ரைக் அடிக்கிறார். மற்ற ஏழு ஃபிரேமிலும் எட்டு எட்டு பின்கள்தான். ஒவ்வொரு ஸ்ட்ரைக்குக்கும் 18, ஆக 54. மீதி 56. மொத்தம் 110. இரண்டாமவருக்கு ஒரு ஸ்ட்ரைக்கூட இல்லை. எப்போதும் முதல் பந்தில் எட்டு. ஆனால் ஆறு ஃபிரேமில் மிச்சமிருந்த இரண்டையும் சாய்த்து ஸ்பேர் ஆக்கிவிட்டார். ஒவ்வொரு ஸ்பேருக்கும் அதே 18, ஆக 108. மற்ற நான்கு ஃபிரேமுக்கு 32. மொத்தம் 140! கைதட்டல் வாங்கியவர் முதலாமவர், ஜெயித்தவர் இரண்டாமவர்.

இன்னும் பளிச்சென்று சொல்வதானால், பத்து ஃபிரேமிலும் முதல் பந்தில் 9 விழுந்து மிச்சம் ஒன்றைத் தவறவிட்டால் 90. அந்த ஒற்றைப் பின்னை ஒவ்வொரு முறையும் சாய்த்து, கடைசி போனஸ் பந்திலும் 9 அடித்தால் 190. பத்தே பத்து பின், நூறு பாயின்ட் வித்தியாசம். அடுத்தடுத்து ஸ்ட்ரைக் விழும்போதுதான் ஸ்ட்ரைக்கின் உண்மையான மதிப்பு ஏறும். பன்னிரண்டும் தொடர்ந்து விழுந்தால் முழு 300. அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரி, ஒற்றைப் பின்னைச் சாய்ப்பது எப்படி? முதலில் பயத்தை விடுங்கள். பந்தின் அகலம் எட்டரை அங்குலம், பின்னின் வயிறு நாலே முக்கால் அங்குலம். பந்தின் நடுப்பகுதி சுமார் 13 அங்குல இடைவெளிக்குள் எங்கே போனாலும் உரசிச் சாய்த்துவிடும். ஓரத்தில் நிற்கும் பின்னுக்கு மட்டும் அதில் கொஞ்சத்தைக் கட்டர் பறித்துக்கொள்கிறது. வலது கைக்காரர்களை அழவைக்கும் வலது ஓரத்துப் பத்தாம் நம்பர் பின் இந்த ரகம். அதற்கு லேனின் இடது பக்கம் போய் நின்று, குறுக்காக, நேர்ப் பந்தாக உருட்டுங்கள். ஓரத்தை ஒட்டி உருட்டினால் பாதி வழியில் கட்டர்தான்.

எங்கே பார்ப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின்னுக்கு 60 அடி. அவ்வளவு தூரத்தில் குறிபார்ப்பதைவிட, சுமார் 15 அடியில் லேனில் பதித்திருக்கும் ஏழு அம்புக்குறிகளில் ஒன்றைப் பார்ப்பது சுலபம். லேன் 39 பலகைகளால் ஆனது. அம்புகள் ஐந்து பலகைக்கு ஒன்றாக இருக்கும். ஸ்ட்ரைக்குக்கு நிற்கும் இடத்திலிருந்து இடது பக்கப் பின்னுக்கு வலப்புறம் நகருங்கள்: இரண்டாம் நம்பருக்கு 3 பலகை, நான்குக்கு 6, ஏழுக்கு 9. பார்க்கும் அம்பு அதேதான். இதை 3-6-9 என்பார்கள். வலது பக்கப் பின்களுக்கு இடப்புறம் நகர வேண்டும்.

லேனில் எண்ணெய் பூசியிருப்பார்கள் என்பது பலருக்குத் தெரியாது. நடுவில் அதிகம், ஓரங்களில் குறைவு. லீக்கில் வரிசையாக மூன்று ஆட்டம் ஆடும்போது எண்ணெய் தேய்ந்து, முதல் ஆட்டத்தில் அழகாகப் போன பந்து மூன்றாவதில் சீக்கிரமே வளைய ஆரம்பிக்கும். கை மேல் தப்பு என்று நினைத்துக் கையை மாற்றாதீர்கள். காலை மாற்றுங்கள். பந்து இடப்பக்கம் தவறினால் நிற்கும் இடத்தையும் இடப்பக்கம் ஒன்றிரண்டு பலகை நகர்த்துங்கள்.

சென்னையைச் சேர்ந்த ஷபீர் தன்கோட், தமிழ்நாட்டுக்காக ஆடிப் பலமுறை தேசிய சாம்பியன் ஆனவர். அந்த மட்டத்துப் போட்டிகளில் பல ஆட்டங்களில் விழுந்த மொத்தப் பின்களைக் கூட்டித்தான் வரிசைப்படுத்துவார்கள். ஓர் ஆட்டத்தில் 250 அடித்துவிட்டு அடுத்ததில் 140-க்கு இறங்குபவருக்கு அங்கே இடமில்லை. 1978-லேயே ஆசிய விளையாட்டுக்குள் வந்துவிட்ட ஆட்டம் இது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாகவும் ஆடினார்கள். (ஸ்னூக்கர் விதிகளை எழுதி மாட்டிய பெருமை நம் ஊட்டி கிளப்புக்கு உண்டு. பவுலிங் விஷயத்தில் நீலகிரி கொஞ்சம் லேட்!)

லீக்கில் சேரத் தயங்குபவர்களுக்காக ஒரு தகவல். பல லீக்குகளில் 'ஹேண்டிகேப்' கொடுப்பார்கள். உதாரணமாக, 200-க்கும் உங்கள் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் 90 சதவிகிதம் போனஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 120 என்றால் 72 கிடைக்கும். 180 அடிப்பவருக்கு 18-தான். அன்றைக்கு நீங்கள் 140 அடித்தால் 212. அவர் வழக்கமான 180-ஐ அடித்தால் 198. புதியவர் ஜெயித்துவிடலாம்! இதற்காகவே வேண்டுமென்று மோசமாக ஆடிச் சராசரியைக் குறைத்து வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அவர்களை டீமில் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

லேனுக்குப் போகாத நாட்களில்? சிமென்ட் தரையில் சாக்ஸ் போட்டுக்கொண்டு நாலு எட்டு நடந்து, கடைசி எட்டில் இடது காலை வழுக்கி நிறுத்துங்கள். கை ஊஞ்சல் மாதிரி பின்னால் போய், தானாக முன்னால் வரட்டும். தோளை இறுக்க வேண்டாம். முடித்த நிலையில் ஐந்து எண்ணும்வரை ஆடாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். தடுமாறினால் நடையில் அவசரம் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டும் செய்யலாம், மூடியை நன்றாகத் திருகிவிட்டு.

அடுத்த முறை லேனில் பந்து எடுக்கும்போது, பக்கத்து லேன்காரர் எடுக்கிறார் என்பதற்காக 16 பவுண்டைத் தூக்காதீர்கள். கட்டைவிரல் சிக்காமல் கழன்று வர வேண்டும், இறுக்கிப் பிடிக்காமலே பந்து கையில் நிற்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் திரையை போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். வீட்டுக்கு வந்து, ஒற்றைப் பின் மிச்சம் வைத்த ஃபிரேம்களை மட்டும் எண்ணுங்கள். அடுத்த மாதம் எதைப் பழக வேண்டும் என்பது அதிலேயே இருக்கும்.