துள்ளும் இரும்பும் தாத்தாவின் துப்பாக்கியும்

வீட்டு இரும்புக் கதவை ஒருமுறை வேகமாகச் சாத்திப் பாருங்கள். சட்டத்தில் மோதி 'டங்' என்று ஒலிக்கும். உடனே ஒரு விரற்கடை பின்னால் வரும்; மறுபடியும் போய் மோதும். அடங்குவதற்குள் இரண்டு மூன்று முறை துள்ளிவிடும். நாம் இதைக் கவனிப்பதில்லை. கவனிக்க வேண்டிய அவசியமும் நமக்கில்லை. ஆனால் இதே துள்ளல் ஒரு தானியங்கித் துப்பாக்கிக்குள் நிகழ்ந்தால் அதை ஏந்தி நிற்பவனின் உயிருக்கு ஆபத்து. தொழிற்சாலை இயந்திரத்தின் கதவில் நிகழ்ந்தால் விரலுக்கு ஆபத்து. முன்னதைத் தாத்தா சொல்லித் தெரிந்துகொண்டேன். பின்னதை நேரில் கண்டேன்.

நான் இயந்திரப் பொறியியல் மாணவன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன். அறிவியலைத் தமிழில் படித்தது ஆறாம் ஆண்டோடு முடிந்துவிட்டது. ஆகவே இக்கட்டுரையில் சொல் தடுக்கினால் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

கடந்த ஆண்டு தொழிற்பயிற்சிக்காக ஈப்போவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலைக்குச் சென்றேன். அங்கே அச்சு இயந்திரம் ஒன்றுக்கு இழுவைக் கதவு உண்டு. ஸ்பிரிங் இழுக்க, கதவு தானாக ஓடி மூடிக்கொள்ளும். மூடியதும் ஒரு சுவிட்சை அழுத்தும். சுவிட்சு அழுந்தியிருந்தால்தான் இயந்திரம் ஓடும். உள்ளே கை இருக்கும்போது அச்சு மூடிவிடக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது.

ஆனால் கதவு துள்ளியது. முதல் மோதலில் சுவிட்சு அழுந்தும், இயந்திரம் புறப்படும். கதவு பின்னால் வந்ததும் சுவிட்சு விடுபடும், சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றுபோகும். ஒரு நாளைக்கு எத்தனை முறைதான் பொத்தானை அமுக்கிச் சரிசெய்வது? யாரோ ஒருவர் சுவிட்சை அமுக்கியபடியே கறுப்பு டேப்பைச் சுற்றி ஒட்டிவிட்டார். அதன்பின் கதவு திறந்திருந்தாலும் இயந்திரம் ஓடியது. நான் போய்ச் சேர்வதற்கு மூன்று வாரம் முன்பு, அங்கு வேலை செய்யும் ஓர் அக்காவின் ஆள்காட்டி விரல் நுனி அச்சில் சிக்கிவிட்டது. கட்டுப் போட்ட கையோடு அவர் வேலைக்குத் திரும்பிய நாளில்தான் நானும் முதன்முதலாக அங்கே போனேன். எல்லாரும் டேப் ஒட்டியவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கதவு ஏன் துள்ளுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பயிற்சி மாணவனுக்கு வேறு வேலை இல்லாததால் அந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது.

முதலில் ஸ்பிரிங்கை மாற்றினேன். இருந்ததைவிட இரண்டு மடங்கு வலுவானதைப் போட்டேன். இறுக்கிப் பிடித்தால் துள்ளாது என்பது என் கணக்கு. சத்தம்தான் கூடியது. துள்ளிய தூரம் ஏறக்குறைய அப்படியே இருந்தது!

இது ஏன் என்று பிறகு உட்கார்ந்து யோசித்தபோது வெட்கமாக இருந்தது. ஒரு பந்தை 1 மீட்டர் உயரத்திலிருந்து போடுகிறோம். அது 64 சென்டிமீட்டர் எழும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈர்ப்புவிசை இரண்டு மடங்கு உள்ள ஓர் உலகத்தில் அதே பந்தைப் போட்டால் எவ்வளவு எழும்பும்? அங்கேயும் அதே 64 சென்டிமீட்டர்தான். விழும் வேகம் கூடும், எழும் வேகமும் கூடும், ஆனால் அதை இழுத்து நிறுத்தும் விசையும் கூடிவிடுகிறதே. எழும்பும் அளவைத் தீர்மானிப்பது மோதும் வேகத்திற்கும் திரும்பும் வேகத்திற்கும் உள்ள விகிதம். இந்தப் பந்துக்கு அது 0.8. அதன் வர்க்கம் 0.64. என் கதவு 40 சென்டிமீட்டர் ஓடி, ஏறத்தாழ 3.6 சென்டிமீட்டர் துள்ளியது. 40-இல் 3.6 என்பது 0.09, அதன் வர்க்கமூலம் 0.3. ஆக, என் கதவின் விகிதம் 0.3. ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் இந்த எண் பெரிதாக அசையாது. துள்ளல் சற்று விரைவாக முடியும், கதவும் சட்டமும் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். ரப்பர் அட்டை ஒட்டிப் பார்க்கலாமே என்று சிலர் சொன்னார்கள். ஒட்டினோம். எண்ணெயிலும் சூட்டிலும் நாலே நாளில் ரப்பர் கல்லாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காம்பாரில் தாத்தா வீட்டுக்குப் போனபோது இதைச் சொல்லிப் புலம்பினேன். தாத்தா கோப்பேங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பால் மரம் வெட்ட மனமில்லாமல் 1970-களில் இராணுவத்தில் சேர்ந்தவர். கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982-இல் திறக்கப்படும் முன், அந்தக் காட்டில் சாலை போடுகிறவர்களுக்குக் காவல் நின்றவர்களில் அவரும் ஒருவர். நான் சொன்னதைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

"எங்க எம்16 பின்கட்டைக்குள்ள ஒரு சாமான் இருக்கும் ராசா. தொடைக்கிறப்ப எடுத்து ஆட்டினா கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போடும். புதுசா வந்த பையனுங்க, உள்ள ஏதோ ஒடைஞ்சு போச்சுன்னு பயந்துடுவானுங்க. ஒடையலடா, அது ஆடத்தான் வேணும்னு எங்க சார்ஜன் சொல்வாரு. ஏன்னு கேட்டதுக்கு, துள்ளாம இருக்கன்னாரு. அதுக்கு மேல அவருக்கும் தெரியாது."

அன்றிரவு தூங்கவில்லை. அந்தக் கிலுகிலுப்பையின் கதையைத் தேடிப் படித்தேன்.

துப்பாக்கியில் தோட்டா வைக்கும் அறையைப் பின்னாலிருந்து மூடும் இரும்புத் துண்டைப் போல்ட் என்பார்கள். நட்டு, போல்ட்டு என்கிறோமே, அந்தப் போல்ட் அல்ல. கதவுத் தாழ்ப்பாள் என்ற பொருளில் வரும் போல்ட். எம்16 வகையில் இதை ஒரு தாங்கி சுமந்து செல்கிறது. சுட்டதும் தாங்கி பின்னால் ஓடும், வெற்றுக் கூடு வெளியே விழும், பின்னால் இருக்கும் ஸ்பிரிங் தாங்கியை முன்னால் தள்ளும், அடுத்த தோட்டா அறைக்குள் போகும், போல்ட் பூட்டிக்கொள்ளும். நிமிடத்திற்கு 800 குண்டு என்றால் இத்தனையும் 0.075 நொடிக்குள் முடிய வேண்டும். தாங்கி முன்னால் வந்து மோதும்போது நம் வீட்டுக் கதவைப் போலவே சிறிது பின்னால் துள்ளும். ஒவ்வொரு குண்டாகச் சுடும்போது இதனால் தொல்லையில்லை. விரலை எடுத்து மறுபடியும் இழுப்பதற்குள் அது அடங்கிவிடும். தொடர்ந்து சுடும்போதுதான் சிக்கல். தாங்கி முன்னால் வந்து சேர்ந்ததும் சுத்தி தானாக விடுபட்டு ஊசியை அடிக்க வரும். அந்த நேரம் பார்த்துத் தாங்கி பின்னால் துள்ளியிருந்தால் சுத்தியின் அடியைத் தாங்கியே வாங்கிக்கொள்ளும். ஊசிக்கு அரைகுறை அடிதான் கிடைக்கும். தோட்டா வெடிக்காது.

"'டப்'புன்னு வரவேண்டிய எடத்துல 'டிக்'குன்னு வந்தா, எதிர்ல இருக்கறவனுக்கும் அது கேக்கும்" என்றார் தாத்தா.

அமெரிக்கர்கள் வியட்நாமில் இதையும் இதைவிடப் பெரிய கோளாறுகளையும் அனுபவித்தார்கள். தோட்டாவில் நிரப்பும் மருந்தின் வகையை மாற்றியதில் துப்பாக்கி சுடும் வேகம் கூடிப்போனது. தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை. ஈரத்தில் துரு ஏறியது. துடைக்கும் கருவிகளும் போதிய அளவு போய்ச் சேரவில்லை. சுட்ட கூடு அறைக்குள் சிக்கிக்கொள்ள, துப்பாக்கியைப் பிரித்துப் போட்ட நிலையில் இறந்து கிடந்த வீரர்களைப் பற்றிய செய்திகள் அவர்கள் நாடாளுமன்றம் வரை போயின. 1967-இல் ரிச்சர்ட் ஐக்கார்ட் தலைமையிலான துணைக்குழு விசாரித்து, இராணுவ நிர்வாகத்தைக் கடுமையாகக் கண்டித்தது. அந்த மரணங்களுக்கெல்லாம் துள்ளல்தான் காரணம் என்று நான் எழுதினால் அது பொய். துள்ளல் அந்தப் பட்டியலில் ஒரு சிறு வரி மட்டுமே. ஆனால் அந்த ஒரு வரிக்குக் கண்டுபிடித்த மருந்து மிக அழகானது.

பின்கட்டைக்குள் ஸ்பிரிங்கின் முனையில் பஃபர் என்ற உருளை இருக்கிறது. தாங்கியின் முதுகைத் தொட்டுக்கொண்டே அதுவும் ஓடும். முதலில் இருந்த பஃபர் வேறு வகை. 1966, 1967 வாக்கில் அதை மாற்றி, உள்ளே தளர்வாக ஆடும் எஃகுத் துண்டுகளை வைத்தார்கள். துண்டுகளுக்கு இடையில் ரப்பர் வில்லைகள். துண்டுகள் முன்னும் பின்னும் ஓடக் கொஞ்சம் வெற்றிடம். மலேசிய இராணுவத்தில் தாத்தா கையில் வாங்கிய எம்16 ஏ1-இல் கிலுகிலுத்தது இதுதான்.

அது வேலை செய்யும் விதத்தை என் கதவை வைத்தே சொல்கிறேன். கதவின் எடை 4 கிலோ. விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வந்து மோதுகிறது. விகிதம் 0.3 என்பதால் விநாடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் திரும்புகிறது. எடையை வேகத்தால் பெருக்கினால் வருவது உந்தம். திரும்பும் கதவின் உந்தம் 4 × 0.3 = 1.2. இப்போது கதவோடு ஒரு குழாயைப் பொருத்தி, அதற்குள் 1.2 கிலோ எடையைத் தளர்வாக வைக்கிறோம். கதவு ஓடிவரும்போது அந்த எடை குழாயின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு வரும் (பேருந்து புறப்படும்போது நாம் பின்னால் சாய்வது போல). கதவு மோதித் திரும்பும் நொடியில் உள்ளே இருக்கும் எடைக்கு அந்தச் சேதி தெரியாது. அது பழைய வேகத்திலேயே முன்னால் ஓடுகிறது. அதன் உந்தம் 1.2 × 1 = 1.2. பின்னால் வரும் கதவும் முன்னால் போகும் எடையும் குழாய்க்குள் எதிரெதிராக மோதிக்கொள்கின்றன. 1.2-இல் 1.2 போனால் பூச்சியம். ரப்பர் வில்லை மிச்ச ஆற்றலை விழுங்கிவிட, இரண்டும் நின்றுவிடும்.

இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு மேசைப்பந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சிறு துளையிட்டுக் கால்வாசி மணல் நிரப்பித் துளையை ஒட்டிவிடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கீழே போடுங்கள். வெறும் பந்து குதியாட்டம் போடும். மணல் பந்து 'தொப்'பென்று உட்கார்ந்துவிடும். பட்டறைகளில் தலைக்குள் எஃகுக் குண்டுமணிகள் நிரப்பிய துள்ளாச் சுத்தியல் ஒன்று உண்டு. அதன் இரகசியமும் இதுவே.

துள்ளலை அடக்க இது ஒன்றே வழி என்பதில்லை. ஜெர்மனியின் ஹெக்லர் அண்டு கோக் நிறுவனம் ஜி3 போன்ற துப்பாக்கிகளில், மோதிய கணத்தில் போல்ட்டின் தலையை இடுக்கிப் பிடிக்கும் சிறு நெம்புகோலை வைத்தது. 1959-இல் வந்த சோவியத்தின் ஏகேஎம்மிலோ சுத்தியைச் சில மில்லி நொடிகள் தாமதப்படுத்தும் உறுப்பு ஒன்று உண்டு. துள்ளுவது துள்ளட்டும், அடங்கிய பிறகு அடிப்போம் என்பது அதன் போக்கு. எங்கள் காம்பாரில் 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை ஜப்பானியரை எதிர்த்துப் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் நின்றன. அவர்களிடம் இருந்த பிரென் துப்பாக்கியின் அமைப்பே வேறு. அதில் தனிச் சுத்தி கிடையாது. போல்ட் பூட்டிக்கொண்ட பிறகும் முன்னால் ஓடும் பிஸ்டனின் முட்டுதான் ஊசியை அடிக்கும். ஆகவே துள்ளுவதற்கு முன்பே குண்டு வெடித்துவிடும். மலைச்சரிவில் இருக்கும் அந்தப் போர்க்களத்திற்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருமுறை அழைத்துப் போனார்கள். அப்போது எனக்கு இதில் எதுவும் தெரியாது. கொசுக்கடி மட்டும் நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் குழாய் ஒன்றை வெட்டி, 1.2 கிலோ அளவுக்கு உருளைக் கம்பித் துண்டுகளை உள்ளே அடைத்துக் கதவில் பொருத்தினேன். கதவு முன்போலவே துள்ளியது. மாலையில் தாத்தாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"ஆட்டினா சத்தம் வருதா?"

"இல்ல தாத்தா. டைட்டா வச்சிருக்கேன்."

"அப்புறம் எப்படிடா வேலை செய்யும்?"

இறுக அடைத்தால் அது கதவின் எடையோடு எடையாகச் சேர்ந்துவிடும்; தாமதமாக வந்து மோத எதுவும் இருக்காது. தாளில் கணக்குப் போட்டவன் நான்தான், கையால் செய்யும்போது மறந்தவனும் நான்தான். மறுநாள் 1 சென்டிமீட்டர் இடம் விட்டு, துண்டுகளுக்கு இடையில் ரப்பர் வில்லை போட்டேன். கணக்குப்படி எடை வந்து மோதுவதற்குள் கதவு இரண்டரை மில்லிமீட்டர்கூடப் பின்வாங்காது. சுவிட்சு 5 மில்லிமீட்டர் வரை பொறுத்துக்கொள்ளும்.

மின்பிரிவு அண்ணன் என் குழாயை முழுதாக நம்பவில்லை. சுவிட்சு தொடர்ந்து 0.2 நொடி அழுந்தியிருந்தால்தான் இயந்திரம் புறப்பட வேண்டும் என்று ஒரு டைமரையும் சேர்த்துவிட்டார். ஏகேஎம் வழி! அவர் செய்தது சரியே. குழாயின் ரப்பரும் ஒருநாள் கல்லாகும். கறுப்பு டேப்பைப் பிய்த்து எறிந்ததும் அவர்தான்.

கட்டுப் போட்ட அக்கா மறுநாள் அந்த இயந்திரத்தின் முன்னால் வந்து நின்றார். கதவை இழுத்து விட்டார். 'தொப்' என்றது. மறுபடியும் இழுத்து விட்டார். சிவப்பு விளக்கு எரியவில்லை. பிறகு கதவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, நல்ல கையால் பச்சைப் பொத்தானை மூன்று முறை அமுக்கினார். இயந்திரம் அசையவில்லை. அதன்பிறகுதான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.