பருப்பு வேகாத கிணறு

"வேலூர்ப் பக்கத்துக்காரிக்குக் கடலைப் பற்றி என்ன கவலை?" என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே! எங்கள் பாலாறு வயலூர் அருகே கடலில்தானே கலக்கிறது? இங்கே ஆற்றில் விடுவது வெள்ளத்தோடு அங்கேதான் போகும்.

ஆம்பூருக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகவே வேகாது. "தோல் ஊறவச்ச உப்பெல்லாம் நிலத்துல இறங்கிடுச்சும்மா" என்பார் மாமியார்.

வேலூர் குடிமக்கள் நல மன்றத்தினர் சும்மா இருக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது: கெடுத்தவரே நஷ்டஈடு தரவேண்டும், மண்ணையும் நீரையும் சீராக்கும் செலவும் அவருடையதே.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் ரசத்தில் உப்பு கூடிவிட்டால் திரும்ப எடுக்க முடிகிறதா? ஊறப்போடுமுன்பே தோலிலுள்ள உப்பை உதறி எடுத்துவிடுவது எத்தனையோ மேல்!

2025 ஜனவரி 30-ல் அதே நீதிமன்றம் பாலாற்றை மீட்க மறுபடியும் உத்தரவிட்டது. எங்கள் வீட்டுப் பருப்பு இன்னும் கேன் தண்ணீரில்தான் வேகிறது.