மலைத் தோட்டங்களில் மரப் பெரணி

நீலகிரி, பழனி மலைச் சோலைகளில் ஓடைக்கரை ஓரமாக, கறுத்த அடிமரமும் உச்சியில் குடை விரித்தாற்போன்ற நீண்ட இலைகளும் உடைய ஒருவகைச் செடி வளர்வதைப் பலர் பார்த்திருக்கக்கூடும். இது பூப்பதுமில்லை, காய்ப்பதுமில்லை. பெரணி இனத்தைச் சேர்ந்தது. அடிமரம் உடைமையால் மரப் பெரணி எனப்படும். அழகை உத்தேசித்து இதனைத் தோட்டங்களில் வைப்பது நெடுநாளைய வழக்கம். உதகமண்டலத்தில் 1848-ம் வருஷம் அமைக்கப்பட்ட அரசாங்கத் தாவரத் தோட்டத்தில் பெரணிகளுக்கென்றே தனி மனை உண்டு.

வளர்ப்பதில் குற்றமில்லை, செடி எங்கிருந்து வருகிறதென்பதே கேள்வி. காட்டு மரத்தைப் பெயர்த்து வருவது சுலபமெனத் தோன்றும். ஆனால் அதற்குப் பெரும்பாலும் உச்சியில் ஒரே குருத்துத்தான். வேரறுந்து குருத்து வாடினால் மரம் மடிந்தது போலத்தான். மேலும், அடிமரத்தைச் சுற்றியுள்ள வேர்ப்பின்னலைப் பலகையாக அறுத்து, ஆர்க்கிட் செடிகளைக் கட்டி வளர்ப்பதற்கு விற்பதும் உண்டு. ஆள் உயரம் வளரப் பல வருஷங்கள் செல்லும் மரம் இதற்காக ஒரே நாளில் விழுகிறது. தேங்காய் மட்டை இருக்க இதனை வெட்டுவானேன்? 1975-ல் அமலுக்கு வந்த, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் மரப் பெரணிகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

நாற்று உண்டாக்க மரம் வேண்டியதில்லை. தோட்டத்து மரத்தின் முற்றிய இலைத் துண்டொன்று போதும். இலையின் அடிப்புறத்தில் பழுப்புப் புள்ளிகள் காணப்படும். அத்துண்டைக் காகிதத்தில் மடித்து ஓரிரு நாள் வைத்தால், மூக்குப்பொடி போன்ற வித்துத்தூள் உதிரும். சட்டியில் மக்கிய இலையுரமும் செங்கற்பொடியும் நிரப்பி, கொதிநீர் ஊற்றி, ஆறியபின் தூளை மெல்லத் தூவவேண்டும். மண்ணால் மூடலாகாது. மேலே கண்ணாடித் தகடு வைத்து, நிழலில் வைத்து, சட்டியின் அடியிலுள்ள தட்டில் நீர் விடவேண்டும். கொதிநீர் ஊற்றத் தவறினால் பாசியும் பூஞ்சணமும் முந்திக்கொள்ளும். பலர் தோல்வியுறுவது இங்கேதான்.

சில வாரங்களில் பச்சைப் படலம் தோன்றி, இருதய வடிவமான சிறு தகடுகளாகப் பிரியும். இவை இன்னும் பெரணி ஆகா. இத்தகட்டின் ஆண் அணு நீரில் நீந்திச் சென்றே பெண் அணுவைச் சேரவேண்டியிருப்பதால், இப்பருவத்தில் மேலிருந்தும் பனிபோல் நீர் தெளித்தல் அவசியம். அதன் பின்னரே சுருண்ட சிற்றிலை எழும். விரலளவு வளர்ந்ததும் தனித்தனியே தொட்டியில் நடலாம்.

சமவெளியிலுள்ளோர் இம்முயற்சியில் இறங்குமுன் யோசிப்பது நலம். வறண்ட காற்றில் இலை கருகும். நாள்தோறும் நீர் தெளித்தாலும் மலையின் ஈரம் வாராது.