விமானம் நாலு மணி நேரம். உட்காருவது பத்து மணி நேரம்!

சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் புறப்படுகிறீர்களா? சென்னையிலிருந்து சுமார் 2,900 கிலோமீட்டர். "நாலு மணி நேரம்தானே!" என்பீர்கள். பொம்மையார்பாளையத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே விமான நிலையம் சேர சுமார் 3 மணி நேரம். அங்கே காத்திருப்பு 3 மணி நேரம். ஆக, பத்து மணி நேரம் பெரும்பாலும் உட்கார்ந்தே கழிகிறது!

நடக்கும்போது கெண்டைக்கால் தசைதான் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாதிருந்தால் ரத்தம் தேங்கி உறையலாம். நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் இந்த ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. பயப்பட வேண்டாம், பலருக்கு ஒன்றும் ஆகாது. மணிக்கொரு தரம் எழுந்து நடங்கள், பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள், தண்ணீர் குடியுங்கள்.

பயணம் முடிந்து சில வாரங்களுக்குள் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், சித்த வைத்தியனாகவே சொல்கிறேன்: தைலம் தேய்த்து நீவாதீர்கள்! உறைந்த ரத்தம் நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.