நெய்வேலி – சென்னை: விமானத்தில் 43 நிமிடம், வீட்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஓ.எம்.ஆர். ஆபீஸில் லாக்-அவுட் பண்ணிட்டு, நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கும் அப்பா அம்மாவைப் பார்க்கக் கிளம்புகிறீர்கள். ‘இந்த ஊருக்கு ஃபிளைட் இருந்தா எவ்வளவு நேரம் ஆகும்?’னு போனில் தேடினால், ‘43 நிமிடம்’ போல ஒரு விடை வரும். அது எப்படி வருது?

தூரம் எவ்வளவு?

திண்டிவனம், விக்கிரவாண்டி, பண்ருட்டி வழியாகச் சாலையில் சுமார் 200 கி.மீ. மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் சுமார் 170 கி.மீ.தான்.

43 நிமிடம் என்பது என்ன கணக்கு?

பல தளங்கள் நேர்கோட்டுத் தூரத்தை, பெரிய ஜெட் விமானத்தின் வேகமான மணிக்கு 800 கி.மீ.யால் வகுக்கும். 13 நிமிடம் வரும். ஏற, இறங்க என 30 நிமிடம் சேர்க்கும். அவ்வளவுதான். அந்த வழியில் விமானம் ஓடுதா என்று அது பார்ப்பதே இல்லை!

நெய்வேலியில் விமான நிலையம் இருக்கா?

இருக்கு. என்.எல்.சி. நிறுவனத்துக்குச் சொந்தமானது. 1980-களில் வாயுதூத் விமானங்கள் வந்து போனதை ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். 2016-ல் அறிவிக்கப்பட்ட உடான் திட்டத்தின் முதல் சுற்றுப் பட்டியலில், 2017 மார்ச்சில், சேலத்தோடு நெய்வேலியும் இருந்தது. சேலத்துக்கு 2018 மார்ச்சிலேயே சென்னை விமானம் வந்துவிட்டது. நெய்வேலி காத்திருந்தது.

விமானம் வந்தால் எவ்வளவு நேரம் மிச்சம்?

ஒரு தோராயக் கணக்கு. வீட்டிலிருந்து விமான நிலையம் 15 நிமிடம். முன்கூட்டியே போய்க் காத்திருக்க 1 மணி நேரம். பயணம் 45 நிமிடம். சென்னையில் இறங்கி வெளியே வர 20 நிமிடம். அங்கிருந்து ஓ.எம்.ஆர். 45 நிமிடம். மொத்தம் 3 மணி 5 நிமிடம்.

பஸ்ஸில் கிளாம்பாக்கம் வரை சுமார் 4 மணி நேரம், அப்புறம் 1 மணி நேரம் வைத்தால் 5 மணி நேரம். ஆக, மிச்சம் சுமார் 2 மணி நேரம். உங்க ரூம் தாம்பரம் பக்கம் என்றால் இன்னும் குறையும்.

டிக்கெட் விலை?

இவ்வளவு குறைந்த தூரத்துக்குச் சிறிய விமானம்தான் சரிப்படும். வாயுதூத் காலத்து டார்னியர் 228 ரகத்தில் 19 சீட்தான். பைலட், எரிபொருள், பராமரிப்புச் செலவு அத்தனையும் அந்த 19 பேர் தலையில் விழும். அதனால்தான் அரசு மானியம் தேவைப்படுது. உடான் வந்தபோது, சுமார் 1 மணி நேரப் பயணத்துக்குப் பாதி சீட்களின் கட்டணத்துக்கு ரூ.2,500 என உச்சவரம்பு வைத்தார்கள்.

அப்போ எதைப் பார்க்கணும்?

நிமிடத்தை அல்ல, நேர அட்டவணையை. வெள்ளி ராத்திரி 9 மணிக்கு ஆபீஸ் முடிகிறவருக்கு மதியம் 12 மணி விமானத்தால் என்ன பயன்? அப்பாவுக்கு முடியலைனு நடுராத்திரி போன் வந்தால், கைகொடுப்பது ராத்திரி முழுக்க ஓடும் பஸ்தான். நெய்வேலிக்கு விமானம் என்று அடுத்த முறை செய்தி வந்தால், ‘எத்தனை நிமிடம்?’ என்பதை விட்டுட்டு, ‘எத்தனை மணிக்கு, வாரத்தில் எத்தனை நாள்?’ என்று கேளுங்கள்.