ஒரகடம் சாலை – 9: விலாசம் இல்லாத விடுதலை

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் குடியிருப்பைச் சென்ற வாரம் பார்த்தோம். 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பேருக்குப் படுக்கை வசதி. வேலை இருக்கும் ஊரில் தங்க இடமும் வேண்டும் என்பதை அரசும் கம்பெனிகளும் ஒப்புக்கொண்டதற்கு அது சாட்சி. அந்தக் கணக்கில் எங்குமே வராத ஒருவரைப் பற்றி இந்த வாரம் பேசலாம்: சிறையிலிருந்து ஊர் திரும்புகிறவர்.

புழலிலிருந்தோ வேலூரிலிருந்தோ விடுதலையாகிறவருக்கு வழிச்செலவு கொடுத்து அனுப்பச் சிறை விதியில் இடம் உண்டு. பஸ்ஸை விட்டு இறங்கியபின் எங்கே போவது என்பது அவர் பாடு. சொந்த வீடும், கதவைத் திறக்க அம்மாவும் இருந்தால் பிழைத்தார். வாடகைக் குடித்தனமாக இருந்து, அவர் 'உள்ளே' இருந்த காலத்தில் குடும்பம் வீட்டைக் காலி செய்திருந்தால், வாலாஜாபாத் பஸ் நிலையம் வரைதான் அவருக்கு ஊர்.

ஒரகடம் தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ்கள் ஓடத் தொடங்கியபின் வாலாஜாபாத்தில் வாடகையும் ஏறிவிட்டது. ஓர் அறையை நாலைந்து பேர் பங்கு போட்டுக்கொள்ளும் வெளியூர்ப் பையன்களுக்கு விடுவதில்தான் வீட்டுக்காரருக்கு லாபம். "எந்த கம்பெனி? ஐடி கார்டு இருக்கா?" என்பது முதல் கேள்வி. சரி, கம்பெனியில் சேரலாம் என்று காண்ட்ராக்டரிடம் போனால், அவர் கேட்பது விலாசமும் போலீஸ் சான்றும். வேலை இருந்தால்தான் வீடு, வீடு இருந்தால்தான் வேலை என்றால் இரண்டும் இல்லாதவர் எங்கே தொடங்குவது?

சட்டமும் விலாசத்தைத்தான் தேடுகிறது. ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடலாம் என்கிறது 1958-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் அதன் 4-ஆம் பிரிவின்படி, நீதிமன்ற எல்லைக்குள்ளோ அவர் வாழப்போகும் இடத்திலோ அவருக்கோ ஜாமீன்தாரருக்கோ நிலையான இருப்பிடமோ வேலையோ இருக்க வேண்டும். 1978-ல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதும் விலாசச் சிக்கலால்தான். 10,000 ரூபாய் ஜாமீனுக்கு அவருடைய சகோதரர் முன்வந்தார். அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லி மாஜிஸ்திரேட் ஏற்கவில்லை. நீதிபதி கிருஷ்ணய்யர் தொகையை 1,000 ரூபாயாகக் குறைத்து, சொந்தப் பிணையிலேயே விடச் சொன்னார்.

வீட்டுக்காரரின் பயத்தையும் தள்ளிவிட முடியாது. தெருவில் ஒரு திருட்டு நடந்தால் போலீஸ் முதலில் தட்டுவது பழைய கேஸ்காரர் குடியிருக்கும் வீட்டைத்தான். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. பழைய வழக்கைக் காட்டி வீடு மறுப்பதை அது தடுக்கவில்லை.

மற்ற இடங்களில் வழி கண்டிருக்கிறார்கள். ஜெய்ப்பூரை அடுத்த சாங்கனேர் திறந்தவெளிச் சிறையில் தண்டனைக் காலத்திலேயே கைதிகள் குடும்பத்தோடு குடியிருந்து, வெளியே வேலைக்குப் போய், ஆஜர் எடுக்கும் நேரத்துக்குத் திரும்புகிறார்கள். சிங்கப்பூரில் இந்து அறக்கட்டளை வாரியம் நடத்தும் இடைநிலை இல்லத்தில் போதை வழக்குக் கைதிகள் தண்டனையின் கடைசிப் பகுதியைக் கழித்துவிட்டு வெளியேறுகிறார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 2022 ஜனவரி முதல், வீடு தர ஒப்புக்கொள்வதற்கு முன் பழைய வழக்கைப் பற்றி உரிமையாளர் விசாரிக்கக் கூடாது. சில விலக்குகள் உண்டு.

நம்மிடமும் விடுதலையான சிறைவாசிகளுக்கு உதவ ஒரு சங்கம் இருக்கிறது. தையல் மெஷின், கறவை மாடு, சிறுகடைக்குப் பணம் என்று கொடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் தையல் மெஷினை வைக்க ஒரு கூரை வேண்டாமா? மாட்டை எங்கே கட்டுவது?

செய்ய வேண்டியவை இவை. ஒரகடம் தொழில் தடத்தில் அரசு கட்டும் விடுதிகளில் சில படுக்கைகளை முதல் ஆறு மாதத்துக்கு இவர்களுக்கு ஒதுக்க வேண்டும். அந்த விலாசத்தை வங்கியும் கம்பெனியும் ஏற்க வேண்டும். தனியார் வீட்டில் குடியேறுகிறவருக்கு நன்னடத்தை அலுவலர் பொறுப்புக் கடிதம் தந்து, முன்பணத்தை அரசு கட்டலாம். விசாரணை என்றால், போலீஸ் நள்ளிரவில் கதவைத் தட்டாமல் அந்த அலுவலர் மூலம் வரலாம்.

நீதிமன்றம் விதித்த தண்டனையை அவர் அனுபவித்து முடித்துவிட்டார். வீடு மறுப்பது எந்த நீதிபதியும் விதிக்காத இரண்டாவது தண்டனை. அதை விதிப்பது நாம்தான்; நிறுத்த வேண்டியவர்களும் நாம்தான்.

(தொடரும்)