வெளியில் வாங்கிய ரவுட்டரை வீட்டு இணைப்பில் ஓட வைப்பது எப்படி?

விடுமுறையில் ஊர் வரும் பிள்ளைகளின் பெட்டியில் இப்போதெல்லாம் சென்ட் பாட்டிலுக்கும் பால் பவுடருக்கும் நடுவே ஒரு வைஃபை ரவுட்டரும் வருகிறது. வீட்டில் மாட்டுகிறார்கள். விளக்கு எரிகிறது, வைஃபை பெயரும் போனில் தெரிகிறது, ஆனால் நெட் வருவதில்லை. ரவுட்டர் கெட்டுவிட்டது என்று அதைப் பரணில் போட்டுவிட்டு, மூவாயிரம் நாலாயிரம் கொடுத்துக் கடையில் இன்னொன்று வாங்குகிறார்கள். அதுவும் அப்படியே நிற்கிறது. நமதூரில் பல வீடுகளில் அத்தா முகத்தைப் பிள்ளைகள் பார்ப்பது இந்த இணைப்பின் வழியாகத்தான். மாணவர்களின் ஆன்லைன் வகுப்பும், உதவித்தொகை விண்ணப்பமும் இதில்தான். அதனால் இந்த இதழில் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில், வேறு ரவுட்டர் தேவைதானா என்று பாருங்கள். நிறுவனம் கொடுத்த பெட்டிக்குப் பக்கத்தில், ஐந்தாறு அடிக்குள் நின்று வேகத்தைச் சோதியுங்கள். முடிந்தால் கம்ப்யூட்டரைக் கேபிளில் இணைத்தும் சோதியுங்கள். அங்கேயே வேகம் இல்லையென்றால் கோளாறு கம்பியிலோ கட்டணத் திட்டத்திலோ இருக்கிறது. எந்த ரவுட்டரும் அதைச் சரிசெய்யாது, புகார்தான் கொடுக்க வேண்டும். பக்கத்தில் நன்றாக வந்து பின்கட்டில் மட்டும் வரவில்லையென்றால் அது வைஃபை எட்டாத சிக்கல். தெருவாசல் முதல் கொல்லைவாசல் வரை நீண்டு கிடக்கும் நம் பழைய வீடுகளில் இது சகஜம். கனத்த செங்கல் சுவர், கான்கிரீட் தளம், இரும்பு பீரோ எல்லாமே அலையைத் தின்னும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர் தாண்டிக் கொஞ்சம் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, இரண்டு சுவருக்குள் சோர்ந்துவிடும். பெட்டியை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து நடுக்கூடத்தில் ஆளுயரத்தில் வைத்தாலே பாதி வீடுகளில் செலவில்லாமல் காரியம் முடிந்துவிடும்.

அப்படியும் போதவில்லை என்றால், ரவுட்டர் மாட்டுவதற்கு முன் நிறுவனத்தின் பெட்டி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஃபைபர் இணைப்பில் வீட்டுக்கு வருவது மின்சாரம் அல்ல, ஒளி. பச்சை முனையுள்ள மெல்லிய கம்பி போய்ச் சேரும் பெட்டிக்கு ஓ.என்.டி. என்று பெயர். அது ஒளியைச் சாதாரண நெட்வொர்க் கேபிளுக்கு ஏற்றதாக மாற்றுகிறது, இது ஒரு வேலை. வந்த இணைப்பை வீட்டிலுள்ள எல்லாப் போன்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது, இது இன்னொரு வேலை. நீங்கள் வாங்கும் ரவுட்டருக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலை மட்டும்தான் தெரியும். ஒளிக்கம்பியை அதில் செருக இடமே இருக்காது. ஆகவே ஓ.என்.டி.யைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ரவுட்டரை வைக்க முடியாது, அதற்குப் பின்னால்தான் வைக்க வேண்டும்.

வளைகுடாவிலிருந்து கொண்டு வருவதில் இன்னொரு விஷயம். அங்கே சேவை நிறுவனம் இலவசமாகக் கொடுத்த பெட்டி பலசமயம் அந்த நிறுவனத்துக்கென்றே பூட்டப்பட்டிருக்கும். இங்கே அதனால் பயன் குறைவு. டெலிபோன் வயர் செருகும் சின்னத் துளை மட்டும் உள்ள பழைய மோடமும் அப்படித்தான், ஃபைபருக்கு ஆகாது. கடையில் பணம் கொடுத்து வாங்கிய, 'வான்' என்று எழுதிய போர்ட் உள்ள ரவுட்டர் என்றால் கவலையில்லை. கொண்டு வரச் சொல்வதற்கு முன் பெட்டியின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இனி இணைக்கும் வழி. பெரும்பாலான வீடுகளுக்கு நாங்கள் சொல்வது, நிறுவனத்தின் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, புதிய ரவுட்டரை 'ஆக்சஸ் பாயிண்ட்' முறையில் வைப்பது. ஓ.என்.டி.யின் லேன் போர்ட்டிலிருந்து பின்கட்டு வரை ஒரு கேட் 5இ கேபிள் இழுங்கள். நூறு மீட்டர் வரை தாராளமாகப் போகும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆக்சஸ் பாயிண்ட் முறையைத் தேர்ந்தெடுத்துக் கேபிளைச் செருகினால் போதும். அந்த முறை இல்லாத பழைய ரவுட்டர் என்றால், கேபிளை மாட்டும் முன்பே அதன் முகவரியை மாற்றுங்கள். ஓ.என்.டி. 192.168.1.1 என்றால் ரவுட்டருக்கு 192.168.1.2 கொடுக்கலாம், அந்த எண்ணை வேறு எந்தக் கருவியும் எடுத்திருக்கக் கூடாது. பிறகு டி.எச்.சி.பி.யை நிறுத்துங்கள். கேபிளை வான் போர்ட்டில் செருகாமல் ரவுட்டரின் லேன் போர்ட்டில் செருகுங்கள். விளக்கு எரிந்தும் நெட் வராமல் போவதற்கு ஒரு பெரிய காரணம் இங்கேதான் இருக்கிறது. இரண்டு பெட்டிகளும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியைச் சொந்தம் கொண்டாடுகின்றன. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவிலக்கம் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்?

இந்த முறையில் தரைவழி போன் இணைப்பும் கெடாது, நிறுவனத்தின் ஆளைக் கூப்பிடவும் வேண்டாம். இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துவிட்டால் கூடத்திலிருந்து கொல்லைக்குப் போகும்போது போன் தானே மாறிக்கொள்ளும்.

இரண்டாவது வழி 'பிரிட்ஜ்'. ஓ.என்.டி.யைப் பாலமாக மட்டும் வைத்துவிட்டு, லாகின் செய்வது முதல் பங்கிடுவது வரை எல்லாவற்றையும் நம் ரவுட்டரிடம் ஒப்படைப்பது. வெளியூரிலிருந்து வீட்டு சி.சி.டி.வி.யைப் பார்க்க நினைப்பவர்கள், பிள்ளைகளின் போனுக்கு நேரக் கட்டுப்பாடு வைக்க நினைப்பவர்கள் இதைக் கேட்கிறார்கள். பி.எஸ்.என்.எல். ஃபைபர் போன்ற இணைப்புகளில் பி.பி.பி.ஓ.இ. என்ற முறையில் யூசர் நேமும் பாஸ்வேர்டும் கொடுத்தால்தான் வாசல் திறக்கும். அந்த இரண்டையும், வி-லேன் எண்ணையும் இணைப்புக் கொடுத்தவரிடம் கேட்டுத் தாளில் எழுதி வாங்குங்கள். வி-லேன் எண் இடத்துக்கு இடம் மாறும். பக்கத்து ஊர்க்காரர் சொன்ன எண்ணைப் போட்டுப் பார்ப்பது வீண். முன்பு டெலிபோன் வயரில் பிராட்பேண்ட் வந்த காலத்தில் பி.எஸ்.என்.எல். மோடத்தில் 0, 35 என்று இரண்டு எண்களைப் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். இப்போது அந்தச் சௌகரியம் இல்லை.

ஓ.என்.டி.யைப் பிரிட்ஜுக்கு மாற்றும்போது வி-லேன் எண்ணை அதிலேயே போட்டுவிட்டார்களா என்று கேளுங்கள். போட்டிருந்தால் ரவுட்டரில் மறுபடி போடக் கூடாது, போட்டால் இணைப்பு வராது. பழைய பெட்டி லாகின் செய்வதையும் நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு யூசர் நேமில் ஒரே நேரத்தில் இருவர் நுழைய முயன்றால் பொதுவாக ஒருவர்தான் உள்ளே இருப்பார். சில உள்ளூர் நிறுவனங்கள் பழைய கருவியின் மேக் எண்ணைப் பதிந்து வைத்திருக்கும். அங்கே 'மேக் குளோன்' என்ற வசதியால் பழைய எண்ணைப் புதிய ரவுட்டருக்குக் கொடுக்கலாம், அல்லது நிறுவனத்திடம் சொல்லிப் புதிய எண்ணைப் பதியலாம்.

எல்லாம் சரியாகி, சில தளங்கள் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் எம்.டி.யு. என்ற எண்ணைப் பாருங்கள். சாதாரண நெட்வொர்க்கில் ஒரு பொட்டலத்தின் அளவு 1500 பைட். பி.பி.பி.ஓ.இ. தன் முகவரிச் சீட்டுக்கு 8 பைட் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 1492. அந்த இடத்தில் 1492 என்று இருக்க வேண்டும்.

தரைவழி போன் ஓ.என்.டி. வழியாக வரும் வீடுகளில், பிரிட்ஜுக்கு மாற்ற வருபவரிடம் போனுக்கான அமைப்பை அழிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சி.சி.டி.வி.க்காக மட்டும் இதைச் செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ரவுட்டரின் வான் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நிறுவனம் பலருக்கும் சேர்த்து ஒரே வெளிமுகவரியைத் தந்திருக்கிறது. பிரிட்ஜ் செய்தாலும் வெளியிலிருந்து நேரே உள்ளே வர முடியாது. கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்ப்பதே சுலபம்.

ஓ.என்.டி.யையே மாற்றி நம்முடையதை வைப்பது மூன்றாவது வழி. ஒவ்வொரு ஓ.என்.டி.க்கும் உள்ள வரிசை எண் நிறுவனத்தின் அலுவலகக் கருவியில் பதிவானால்தான் அது விழிக்கும். அவர்கள் பதிய ஒப்புக்கொண்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், எந்தப் பெட்டி வைப்பது என்பதை வாடிக்கையாளரே தீர்மானிக்கலாம் என்று சட்டமே வந்துவிட்டது. இங்கே நாம் கேட்டுத்தான் பெற வேண்டியிருக்கிறது. ஆகவே பணம் கொடுத்து ஓ.என்.டி. வாங்கும் முன் பதிந்து தருவார்களா என்று கேட்டுவிடுங்கள்.

வாங்கும்போது ரவுட்டரின் போர்ட் வேகத்தையும் பாருங்கள். 10/100 என்று எழுதியிருந்தால் 200 எம்.பி.பி.எஸ். திட்டம் எடுத்தும் கேபிளில் நூற்றைத் தாண்டாது. 'கிகாபிட்' என்று இருக்க வேண்டும்.

மாட்டிய அன்றே செய்ய வேண்டியது, அமைப்புப் பக்கத்தின் பாஸ்வேர்டை மாற்றுவது. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்களை ஒரு கெடுநிரல் தாக்கியது. தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டவைதான் அதில் அகப்பட்டன. யாரிடமாவது பழைய ரவுட்டர் வாங்கினால் ரீசெட் துளையைப் பத்து இருபது வினாடி அழுத்தி எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடாப்டர்களைக் கலந்துவிடாதீர்கள். 12 வோல்ட்டும் 9 வோல்ட்டும் ஒரே மாதிரி முனையில் வரும். கரன்ட் போனால் ஓ.என்.டி., ரவுட்டர் இரண்டுமே ஓடினால்தான் நெட் இருக்கும், ஒன்றை மட்டும் யு.பி.எஸ்.ஸில் வைத்துப் பயனில்லை. ஒளிக்கம்பி வழியாக இடி இறங்காது என்றாலும் கரன்ட் வழியாக இறங்கும். கடலூர் மாவட்டத்து ஐப்பசி, கார்த்திகையைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. இடி கேட்டால் இரண்டையும் பிளக்கிலிருந்து பிடுங்கி வையுங்கள்.

நிறுவனம் கொடுத்த பழைய பெட்டியையும் அதன் அடாப்டரையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், யாருக்கும் கொடுத்துவிடவும் வேண்டாம். அது பெரும்பாலும் நிறுவனத்தின் உடைமை. இணைப்பை நிறுத்தும் நாளில் அதைத் திருப்பிக் கொடுத்து, பெட்டியின் வரிசை எண் எழுதிய ரசீதைக் கையில் வாங்கிய பிறகு முன்பணத்தைக் கேளுங்கள்.